இருவருக்கும் நாக்குத் தள்ளுகிறது

மைசூரில் வெயில் அடிக்கிறது என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் அதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 770 மீட்டர், பென்ஷன்காரர்களின் சொர்க்கம், மின்விசிறி வெறும் அலங்காரம் என்றெல்லாம் பேர் வாங்கிய ஊர் அல்லவா. ஆனாலும் ஒவ்வோர் ஏப்ரலும் வெயில் வந்துவிடுகிறது. ஒவ்வோர் ஏப்ரலும் ஊர் புதிதாகத் திகைக்கிறது. சமவெளி ஊருக்கு வெப்ப அலை என்று வானிலைத் துறை வாய் திறக்க 40 டிகிரியாவது வேண்டும். மைசூர் பெரும்பாலும் 35, 36 என்று வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிடும். ஆகவே காகிதத்தில் எதுவும் நடக்கவில்லை. காகிதத்துக்கு வெளியே, குக்கரஹள்ளி கெரேயின் கரையிலும் லிங்காம்புதி ஏரிப் பாதையிலும் சாமுண்டி மலைப் படிகளிலும் ஒரு பெருங்கூட்டம் வியர்த்து வழிய நடந்துகொண்டிருக்கிறது. அதே பாதைகளின் ஓரத்தில் இன்னொரு கூட்டம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. முதல் கூட்டம் தன் இரத்த அழுத்தத்துக்காக வந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு அழுத்தம் பார்க்க ஆளில்லை. வெயில் காலத்தில் உடற்பயிற்சி செய்பவர்தான் கவனிப்பாரற்ற விலங்குகளுக்கு இயல்பான கண்காணிப்பாளர் என்பது என் கட்சி. சம்பளமில்லாத பதவிதான். ஆனால் இதற்கு அவரைவிடத் தகுதியான ஆள் ஊரில் கிடையாது.

தகுதிகளைப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் வருகிறார், ஒரே பாதையில் போகிறார். நேற்று வேலியருகே எழுந்து நின்ற கன்றுக்குட்டி இன்று எழவில்லை என்பதைக் காரில் போகிறவர் அறிய மாட்டார், மாநகராட்சி அதிகாரி அறிய மாட்டார். தினம் அதே இடத்தில் மூச்சு வாங்க நிற்பவர் அறிவார். அதோடு, வெயில் என்னவென்று அவர் தோலுக்கே தெரியும். ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஜீவகாருண்யம் பேசுவதற்கும், தொண்டை வறண்டு கால் கனத்து நிற்கையில் எதிரே ஒரு நாய் அதே நிலையில் நிற்பதைக் காண்பதற்கும் வித்தியாசம் உண்டு. இத்தனை தகுதி இருந்தும் அவர் பார்வை எங்கே இருக்கிறது? மணிக்கட்டில். அந்தக் கடிகாரம் இதயத் துடிப்பைச் சொல்கிறது, எத்தனை அடி வைத்தார், எத்தனை கலோரி எரித்தார், முந்தைய இரவு எவ்வளவு ஆழமாகத் தூங்கினார் என்றெல்லாம் சொல்கிறது. பாலத்தடியில் படுத்திருக்கும் நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. காதில் வேறு எதையோ மாட்டிக்கொண்டிருப்பதால் நாய் தானாகச் சொன்னாலும் கேட்காது.

உடம்பியல் பக்கம் வந்தால் நம் கட்சி இன்னும் வலுக்கிறது. வெயிலைத் தாங்கும் விஷயத்தில் மனிதன் அதிர்ஷ்டக்காரப் பிறவி. இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள், ரோமம் குறைந்த தோல், போதாக்குறைக்குக் கையில் ஒரு தண்ணீர் பாட்டில், இடுப்பில் இன்னொன்று. நாய்க்கு உருப்படியாக வியர்ப்பது பாதத்தின் அடியில் மட்டும். மிச்சக் குளிர்ச்சி முழுவதையும் நாக்கும் மூச்சும் பார்த்துக்கொள்ள வேண்டும். காக்கைக்கு வியர்வைச் சுரப்பியே இல்லை, அலகைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சிரைக்கிறது. எருமைக்குக் கறுப்புத் தோல், வியர்ப்பதும் குறைவு. அதனால்தான் அது குட்டையைத் தேடியது. குட்டையை நிரப்பி நாம் லேஅவுட் போட்டுவிட்டு, எருமை ரோட்டில் நிற்கிறதே என்று ஹாரன் அடிக்கிறோம். இவற்றில் குதிரை மட்டும்தான் நம்மைப் போல் தாராளமாக வியர்க்கும், சேணத்துக்கடியில் நுரை தள்ளும் அளவுக்கு. அதற்கேற்றபடி தண்ணீரும் வாளி வாளியாக வேண்டும்.

வானிலைத் துறை சொல்லும் 36 டிகிரி எங்கே அளந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். வெள்ளையடித்த, காற்றோட்டமான மரப்பெட்டிக்குள், நிழலில், தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் வெப்பமானி சொன்ன கணக்கு அது. தெருநாயின் மார்பு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கிறது, நிற்பது தாரில், பெட்டியும் கிடையாது. நண்பகல் வெயில் வாங்கிய தார், காற்றின் சூட்டைவிட இருபது டிகிரி கூடுதலாகச் சுடுவது சர்வசாதாரணம். சந்தேகமுள்ளவர்கள் புறங்கையைத் தாரில் வைத்து ஏழு எண்ணிப் பார்க்கலாம். ஏழு எண்ணுவதற்குள் கை தானாக மேலே வந்துவிட்டால், அந்த ரோட்டில் எந்த நாலு கால் பிராணியையும் நடத்திச் செல்ல யாருக்கும் உரிமையில்லை. நாய்க்கு இது தெரியும். வீடு கட்டும் இடத்தில் நனைந்த மணல் குவியலை முன்னங்காலால் பறித்து, மேல் மணலை ஒதுக்கி, உள்ளே ஈரம் தட்டியதும் ஒரு சுற்றுச் சுற்றி வயிறு படியப் படுத்து, பின்னங்கால்கள் இரண்டையும் தவளை மாதிரி பின்னுக்கு நீட்டிக்கொள்கிறதே, ரோமம் குறைந்த அடிவயிற்றைக் குளிர்ச்சியில் ஒட்ட வைக்கிற ஏற்பாடு அது. பதினொரு மணிக்கு மேல் வேலை வேண்டாம் என்று எந்தப் பயிற்சியாளரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.

மைசூரில் மிக ஒழுங்காக நடக்கும் உடற்பயிற்சித் திட்டம் எது என்று கேட்டால் யோகப் பள்ளிகளைத்தான் கைகாட்டுவார்கள். கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகம் கற்பித்த ஊர் என்ற பெருமை சும்மா இல்லை. ஆனால் என் ஓட்டு தசரா யானைகளுக்கு. காட்டிலிருந்து வந்து சேர்ந்ததும் எடைமேடையில் ஏற்றி நிறுத்தி எடை குறித்துவிடுகிறார்கள். பயிற்சி காலையிலும் மாலையிலும்தான், உச்சிவெயிலில் இல்லை. அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம்வரை சுமார் 5 கிலோமீட்டர், முதலில் வெறும் நடை, அப்புறம் முதுகில் மணல் மூட்டை, மூட்டையின் கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போய் கடைசியில்தான் 750 கிலோ தங்க அம்பாரி. நடந்து முடிந்தால் குளியல், வேளைக்குச் சத்தான கவளம், பார்க்க மருத்துவர். இதற்கெதிரே மனித ஜாதியைப் பாருங்கள். பதினொரு மாதம் சோபாவில் கிடந்துவிட்டு, ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு, வயிற்றில் இரண்டு மசாலா தோசையோடு சாமுண்டி மலையின் ஆயிரத்துச் சொச்சம் படிகளை ஒரே மூச்சில் ஏறுகிறேன் என்று கிளம்புகிறார்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதை யானைப்பாகன் அறிந்திருக்கிறார். ஜிம்முக்குப் பணம் கட்டியவர் அறியவில்லை.

சட்டமும் யானைப்பாகன் பக்கம்தான். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்காக 1965இல் வந்த விதிகள், நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே, ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதே, சூடு 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே பூட்டாதே என்கின்றன. மாட்டுக்கு இவ்வளவு பாதுகாப்பு, மாரத்தான் வீரருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த 37 மைசூர்க் குதிரைக்கு அநேகமாக உதவுவதில்லை, நம் ஊர் வாசலோடு திரும்பிவிடும் ரகம் என்று முன்பே சொன்னேன். அரண்மனையைச் சுற்றும் ஷா பசந்த் டோங்கா வண்டியின் குதிரைக்கு 36 டிகிரியில் தார் குளிர்ந்துவிடுவதில்லை.

கவனிப்பாரற்ற விலங்கு என்றதும் டோங்காக் குதிரையைக் கைகாட்டுவது வழக்கம். நான் அதை முதலிடத்தில் வைக்க மாட்டேன். அந்தக் குதிரை ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது, அதனால் அதன் வாய்க்குக் கொள்ளுப்பையும் எப்படியாவது வந்து சேர்கிறது. விலா எலும்பு தெரிந்தாலோ, சேணம் அழுத்திய இடத்தில் புண் இருந்தாலோ கேட்டே தீர வேண்டும், அது வேறு. நிஜமான அநாதைகள் பெரும்பாலும் சொந்தக்காரர் உள்ளவை. காலையில் பால் கறந்துகொண்டு, தீனிச் செலவை மாநகராட்சிக் குப்பைத்தொட்டியின் கணக்கில் எழுதி, அவிழ்த்துவிடப்பட்ட பசு ஒன்று. அது பிளாஸ்டிக் பையோடு சேர்த்துப் பழத்தோலை விழுங்குகிறது, அந்தப் பாலில் காப்பி குடித்துவிட்டுத்தான் நாம் நடக்கக் கிளம்புகிறோம். மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டிய காவல் நாய் இன்னொன்று, நிழல் நகர நகர அது நகர முடியாது, தண்ணீர்க் கிண்ணத்தை எட்டு மணிக்கே கவிழ்த்துவிட்டது. மூன்றாவது, சைபீரியப் பனிக்காக உருவான ஹஸ்கியை வாங்கி, காலை ஒன்பதரைக்குத் தாரில் இழுத்துக்கொண்டு போகிறவரின் நாய். அவர் 'வாக்கிங் கூட்டிப் போகிறேன்' என்பார். போகிறவர் காலில் இரண்டு அங்குல ரப்பர். கூடப் போகிறவருக்கு அதுவும் இல்லை. சாமுண்டி மலையில் 700ஆவது படி வாக்கில் ஒரே பாறையில் செதுக்கிய பெரிய நந்தி இருக்கிறது. மாலை, அபிஷேகம், படம் எடுக்க வரிசை, எதற்கும் குறைவில்லை. மலையடிவாரத்தில் அதன் இனத்தார் சுவரொட்டியைத் தின்கிறார்கள்.

இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லையா? நிறையவே இருக்கிறது, அதில் தமிழர் பங்கும் இருக்கிறது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் ராஜ்ய சபைக்கு நியமனமாகி, விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நேரு அரசே சட்டம் கொண்டுவருவதாக உறுதி சொல்ல, 1960இல் சட்டம் வந்தது. அதன்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவர் அவரே. (மைசூர் யாதவகிரியில் வாழ்ந்த நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் பின்னாளில் அதே சபையில் பள்ளிக் குழந்தைகளின் புத்தகப்பைச் சுமை பற்றிப் பேசினார். பொதி சுமப்பவர்களுக்காகப் பேசுவது நம்மவர்களின் ராஜ்ய சபை மரபு போலும்.) சொந்த விலங்குக்குப் போதிய தீனி, தண்ணீர், தங்குமிடம் தராமல் விடுவதும், காரணமின்றிக் கைவிடுவதும் அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். தண்டனை, முதல் தடவைக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்கு மேற்படாமல் அபராதம். 1960இல் அந்த ஐம்பதுக்கு ஒரு கனம் இருந்தது. இன்று அதே தொகைக்கு மைசூரில் மசாலா தோசை கிடைப்பதே கஷ்டம். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. தப்பில்லை, தண்ணீர்ப் பஞ்சம் அப்படி. ஆனால் கணக்கைப் பாருங்கள். காருக்குத் தண்ணீர் காட்டினால் ஐயாயிரம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் ஐம்பது. அபராதத்துக்குப் பயந்து யாரும் திருந்தப்போவதில்லை என்பதால்தான் கண்ணுக்கு வேலை கொடுக்கச் சொல்கிறேன்.

'மனுஷனுக்கே தண்ணி இல்லை, இதில் நாய்க்கா?' என்பது முதல் ஆட்சேபம். பஞ்ச காலத்தில் நியாயமான கேள்விபோல் ஒலிக்கும். பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள தெருநாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே போதும். அரிசி கழுவிய தண்ணீரில் பாதிகூட இல்லை. பசுவுக்கு நாற்பது, ஐம்பது லிட்டர் ஆகும், ஒப்புக்கொள்கிறேன், அது சொந்தக்காரர் பொறுப்பு, அவர் தராவிட்டால் தெருவே சேர்ந்து ஒரு தொட்டி வைக்கலாம். நம் முன்னோர் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டபோது, பக்கத்திலேயே மாடு முதுகு தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சிக் கல்லும் குடிக்கத் தொட்டியும் வைத்தார்கள். கன்னட நாட்டில் கோடைக்கு அரவட்டிகே என்று தண்ணீர்ப் பந்தல் போடும் வழக்கம் உண்டு. அந்த முன்னோர் காலத்தில் குழாயே இல்லை. 'கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் டெங்கு கொசு வரும்' என்பவர்களுக்கும் பதில் உண்டு. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமாவது வேண்டும். தினமும் கொட்டிக் கழுவி மாற்றினால் கொசுவுக்குக் குடியுரிமை கிடைக்காது.

'நாய் கடிக்குமே' என்பது கனமான ஆட்சேபம், சிரித்து ஒதுக்க முடியாது. ஓடுகிறவரைத் துரத்துவது நாயின் சுபாவம், வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது. கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். கண்ட இடத்தில் தெருநாய்க்குச் சோறு போடக் கூடாது, அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் நான் உங்களைப் போடச் சொன்னது சோறு அல்ல, கண். காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும் நாய் கருத்தடையும் தடுப்பூசியும் ஆனது. வெட்டில்லாத நாய், அதிலும் மடி தொங்கும் தாய் நாய் உங்கள் பாதையில் இருந்தால் மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். நாயைப் பிடிக்காதவரும் செய்ய வேண்டிய வேலை இது. இன்னும் சொன்னால், பிடிக்காதவர்தான் முதலில் செய்ய வேண்டும். எல்லாப் பிராணியும் நம் தயவுக்காகக் காத்திருக்கிறது என்றும் எண்ணிவிட வேண்டாம். சாமுண்டி மலைக்காட்டில் சிறுத்தை உண்டு. 2024 டிசம்பர் 31 அதிகாலை மைசூர் இன்ஃபோசிஸ் வளாகத்தில் ஒரு சிறுத்தை உலாவி, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிற்று. எந்தத் தொழிற்சங்கத்தாலும் ஒரே காலையில் முடியாத காரியம். அதற்கு யாரும் தண்ணீர்க் கிண்ணம் நீட்ட வேண்டியதில்லை. படிக்கட்டுக் குரங்குகளுக்கு வாழைப்பழம் நீட்டுவதும் தர்மத்தில் சேராது, வழிப்பறிக்குப் பயிற்சி கொடுப்பதில்தான் சேரும்.

'நின்று நின்று பார்த்தால் பயிற்சி கெட்டுவிடும்' என்று நடைக்காரர்கள் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த ஆட்சேபம். வெயிலில் பதினைந்து, இருபது நிமிடத்துக்கொரு முறை நிழலில் நின்று இரண்டு வாய் குடி என்றுதான் மருத்துவர்களே சொல்கிறார்கள். நிற்கிற அந்த ஒரு நிமிடத்தில் கண் சும்மாதானே இருக்கிறது. பயிற்சி ஒன்றே போதும் என்பவர்களுக்கு ஒரு கதை உண்டு. நாராயண் 1961இல் எழுதிய 'தி மேன்-ஈட்டர் ஆஃப் மால்குடி' நாவலில் வாசு என்று ஒரு பயில்வான் வருகிறான். முஷ்டி அவ்வளவு பலம். காட்டு விலங்குகளைக் கொன்று பாடம் செய்வது தொழில், கோயில் யானையையும் சுடத் திட்டம். கடைசியில் நெற்றியில் உட்கார்ந்த கொசுவை அடிக்கப்போய், தன் கை வலுவாலேயே செத்துப்போகிறான். உடம்பை மட்டும் வளர்த்தவனுக்கு மைசூர்க்காரர் ஒருவர் எழுதிவைத்த மருத்துவ அறிக்கை இது.

பார்த்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நல்லவர்கள் நிறையச் சொதப்புகிறார்கள். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை நமக்குப் பாடம். மனசு பெரிது, ஆனால் மயிலுக்குக் குளிருகிறதா என்று கேட்கவில்லை. மூச்சிரைக்கும் நாய்க்கு பார்லே-ஜி நீட்டுவதும் அந்த ரகம்தான். வறண்ட வாயில் பிஸ்கட் இன்னும் வறட்சி. வாயில் நுரையும் தள்ளாட்டமுமாகக் கிடக்கும் நாயை நிழலுக்கு நகர்த்தி, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, காற்று பட விட வேண்டும். நினைவில்லாத பிராணியின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. விழுந்த பறவையின் அலகைத் திறந்து ஊற்றினால் நாக்கடியில் இருக்கும் மூச்சுக்குழலுக்குள் போய்விடும், தாகத்தில் பிழைத்தது நம் அன்பில் போய்ச் சேரும். அதை அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, தட்டையான தட்டில் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தால் போதும். அதற்கு மேல் உள்ளதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட மாடுகளைப் பேணும் பிஞ்சராபோல் இருக்கிறது, மைசூரில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் கிளையும் அரசு கால்நடை மருத்துவமனையும் இருக்கின்றன. அவர்களிடம் இல்லாதது ஊரெங்கும் நடக்கும் கால்கள் மட்டும். அவை உங்களிடம் இருக்கின்றன. நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான கட்டணமில்லா எண் 1962. விலங்கு நல வாரியம் பிறந்த வருஷமும் அதுதான், மறக்காது. நாளை ஷூ கயிறு கட்டும்போதே அந்த எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள், ஒன்பது மணிக்குள் வீடு திரும்புங்கள், ஹஸ்கி வைத்திருந்தால் எட்டுக்குள்.